எலுமிச்சம்பழத் தண்ணியும் இராசையா சட்டமும்

பாக்கியலெட்சுமி இன்றும் சாப்பிடவில்லை.

போன வாரம் அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்து, "அண்ணன் இந்த வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் எனக்குப் பச்சத் தண்ணியத் தவிர வேற ஒண்ணும் வேணாம்" என்று சுவரோரம் பாயை விரித்தபோது, ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசை வீடுகளெல்லாம் வாய்விட்டுச் சிரித்தன. வயசுப் பெண்ணின் வீறாப்பு பொழுது சாயும்வரைகூடத் தாங்காது என்றார்கள். பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடியும் சாய்ந்து விடிந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் என்றால் வீரசிங்கம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரான அப்பா இராசையாவின் மூத்த பிள்ளை, கொஞ்சம் படித்தவன். கொழுந்து நிறுவையில் அநியாயமாகக் கழிக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் அத்தனை பேரும் வேலைநிறுத்தம் செய்த சமயம் பார்த்து, தோட்ட நிர்வாகியான பெரிய துரை நீட்டிய கணக்கப்பிள்ளை வேலையை வாங்கிக்கொண்டு தராசடியில் போய் நின்றான். அப்பா சங்கத்தின் பக்கம், மகன் துரை பக்கம். அன்று சாயந்தரம் இராசையா அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்ததை லயமே நின்று பார்த்தது.

அதற்குப் பிறகு அவனுக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. விட்டுவிட்டான். சந்தியில் மொஹிதீன் நானாவின் கடைப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தான். மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறான். அவனுடைய குணத்துக்கு, போனால் போனதுதான். திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை.

ஆகவே, இன்றைக்குள் இராசையா வாயிலிருந்து "வாடா" என்று ஒரு சொல் வர வேண்டும்.

சரி, பிள்ளை பட்டினி கிடக்கிறதே, பெற்ற தாய் ஒரு டம்ளர் எலுமிச்சம்பழத் தண்ணியைக் கொடுத்து முடித்துவைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் போட்டவரே இராசையாதான்.

பல வருஷங்களுக்கு முன், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகிக் குழந்தைகள் நனைகின்றன என்று தொழிற்சாலை வாசலில் அவர் உண்ணாவிரதம் இருந்தார். பெரிய கணக்கப்பிள்ளை எலுமிச்சம்பழத் தண்ணி கொண்டுவந்தார். தொடவில்லை. சின்னத் துரை கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எந்தக் கை இல்லைன்னு சொல்லுச்சோ, அந்தக் கைதான் டம்ளர நீட்டணும்" என்றார். கடைசியில் பெரிய துரையே சப்பாத்துக் கால் சேற்றில் பதிய நடந்து வந்து நீட்டினார். டம்ளரை நீட்டிவிட்டால் அது வாக்கு. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. அன்றிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எங்கே உண்ணாவிரதம் நடந்தாலும், "கூலி கூடுச்சா?" என்று கேட்பதற்கு முன்னால், "யாரு கையால குடிச்சாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

துரைக்கு வெட்டிய குழியில் இப்போது தலைவரே நிற்கிறார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

*

விடிவதற்கு முன்பே பாக்கியத்தின் தாய் கருப்பம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவள். இனிமேல் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பக்கத்து வீட்டுக் காம்பரா லெட்சுமியின் மரத்துப் பழங்கள் கொஞ்சம் இருந்தன. குளிருக்குக் கல்லாய் இறுகிக் கிடந்தவற்றைச் சுடுதண்ணீரில் போட்டுவைத்தாள். பிறகு அம்மிக்கல்லில் உள்ளங்கையால் ஒவ்வொன்றாக உருட்டினாள். தோல் இளகி, உள்ளே சாறு கலகலக்க வேண்டும். அறுத்து, விதைகளைக் கத்தி நுனியால் எடுத்தாள். பிழியும்போது விரல்களுக்கு அவசரம் கூடாது. தோல்வரை நசுக்கினால் கசப்பு இறங்கிவிடும். சீனி சந்தையில் கண்ணில் படாத காலம் அது. கூப்பனுக்குக் கிடைத்த கடைசி இரண்டு கரண்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைத்து, பீலியில் பிடித்த ஊற்றுத் தண்ணீர் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டுத் துணியில் வடிகட்டினாள். வெள்ளி டம்ளரா இருக்கிறது? வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி டம்ளரைச் சாம்பல் போட்டுத் துலக்கி ஊற்றினாள். பார்க்கவே நாக்கு ஊறியது.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகக் கம்பளியை எடுத்த இராசையாவின் முன்னால் டம்ளரோடு வழியை மறித்து நின்றாள்.

"இத ஒங்க கையால அதுக்கிட்ட குடுத்துட்டு அப்பறமா போங்க."

இராசையா டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை.

"நான் குடுத்தா அது வாக்கு."

"வாக்குதான். குடுங்களேன்."

"ஏங்கிட்ட இல்லாத வாக்க எங்கேருந்து குடுக்கிறது?"

"வாடான்னு ஒரு சொல்லுதானே? சொன்னா நாக்கு அறுந்தா போயிரும்? தொரைமாரயெல்லாம் எறங்கி வர வச்சீங்க. பெத்த புள்ளைக்கிட்ட எறங்கத் தெரியலையாக்கும்?"

"ஒனக்கு வெளங்காது, கருப்பம்மா. வழிய விடு."

"எனக்கு எதுதான் வெளங்கும்? சங்கத்துல கேக்குறதுக்கெல்லாம் பதில் வச்சிருக்கீங்க. வீட்டுல கேட்டா வாயில கொழுக்கட்ட."

அவர் குனிந்து, அவள் கைக்குக் கீழாக நுழைந்து வெளியே போய்விட்டார். லயமே மரியாதை கொடுக்கிற மனிதர் திருடனைப் போலப் பதுங்கிப் போனதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

உள்ளே பாயில் படுத்திருந்த பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, நீங்க வேலைக்குப் போங்க. அந்தத் தண்ணிய நீங்களே குடிச்சுருங்க."

"அப்பாதான் ஒனக்குக் குடுக்கச் சொல்லிட்டுப் போறாரு, ஆத்தா. எந்திரி."

"இப்பத்தான் மாட்டேன்னுட்டுப் போனாரு. எனக்கு வயிறுதாம்மா காஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு."

பொய் பிடிபட்டால் வரும் வெட்கத்தோடு கருப்பம்மா டம்ளரை ஒரு தட்டால் மூடிவைத்தாள். வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள், உள்ளே போனாள், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

வெயில் ஏறிய நேரம். தண்ணீர் குடிக்க எழுந்த பாக்கியம் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள்.

கருப்பம்மா போட்ட சத்தத்தில் லெட்சுமி ஓடிவந்தாள். இருவருமாகத் தூக்கிப் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தாள். கருப்பம்மா சடாரென்று டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிந்தியதுதான் மிச்சம். விரலில் பட்டதை நக்கிப் பார்த்த கருப்பம்மா முகத்தைச் சுளித்தாள். காலையில் பிழிந்தது அதற்குள் கசந்துவிட்டிருந்தது.

"யக்கா, நீ போயிக் கொஞ்சம் சீனி பாத்துட்டு வா. புதுசாப் போட்டு வைப்போம். மனுசன் வந்ததும் கால்ல விழுந்தாவது குடுக்க வச்சிருவோம். நான் பாத்துக்கிறேன் புள்ளைய" என்றாள் லெட்சுமி.

*

சந்திக்குக் குறுக்குப் பாதையில் இறங்கும்போது கருப்பம்மா புருஷனைத் திட்டிக்கொண்டே போனாள். தேயிலைச் செடிகளுக்குக் காது இருந்தால் அன்று வாடியிருக்கும். மகனைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசலாம் என்றும் மனசுக்குள் ஓர் ஆசை.

மகன் கடையில் இல்லை. அப்புத்தளைக்குப் போயிருக்கிறான், பொழுதுபடத்தான் வருவான் என்றார் மொஹிதீன் நானா. ஒரு காலத்தில் சீனி நிறைந்திருந்த பெட்டியில் இப்போது பழைய சாக்குதான் கிடந்தது.

"சீனியா? இந்தக் காலத்துல கடையில சீனி எங்க ஈக்கி? புள்ள இன்னம் ஒண்டும் திண்ணல்லயா?"

"இல்லங்க நானா. மயங்கி விழுந்திருச்சு."

நானா உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஸவாஹிரா! நோம்புக்கு வெச்சீக்கிய சீனியில கொஞ்சம் சுத்திக் கொண்டு வா." பிறகு கருப்பம்மாவிடம், "தேசிக்காயும் ரெண்டு கொண்டு போங்க" என்று எலுமிச்சம்பழங்களை எடுத்து வைத்தார்.

அந்தக் கரிசனத்தில் கருப்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு வாயும் திறந்துகொண்டது.

"கல்லு மனசுங்க நானா அந்தாளுக்கு. ரெண்டு புள்ளையில ஒண்ண வெரட்டியாச்சு. இன்னொண்ணு பட்டினி கெடந்து சாகப் போவுது. அப்பயும் தலைவர் கவுரவம் கொறையக் கூடாது. இந்த மாதிரி மனுசனுக்கு எதுக்குங்க பொண்டாட்டி, புள்ள?"

"போதும், தலைவரப் பத்தி அப்பிடிச் செல்ல வாணாம்."

நானா குரலை உயர்த்திக் கருப்பம்மா கேட்டதில்லை. திகைத்து நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"இத வாயால செல்ல மாட்டன் எண்டு நான் வாக்குக் குடுத்தீக்கிறன். ஆனா புள்ள மயங்கி உழுந்த பொறகு வாய மூடிக்கொண்டு ஈந்தா அது பாவம். கேளுங்க. தலைவர் இங்க வந்தார். ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். மொத தரம் நல்ல மழ. நனஞ்சி நடுங்கிக்கொண்டு மகன்ட கையப் புடிச்சி, ஊட்டுக்கு வாடா எண்டு கூப்புட்டார். நானே கண்ணால பாத்தன். மகன் கைய ஒதறிட்டார். எனக்கு அப்பிடி ஒரு ஊடும் இல்ல, அப்பனும் இல்ல எண்டுட்டார்."

கருப்பம்மா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாந்தரம் வரக்க கதவே தொறக்கல்ல. தலைவர் அந்தப் படியில குந்திக்கொண்டு அழுதார். இவ்வளவு காலத்துக்கு அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. போகக்க சென்னார், பாக்கியத்துக்குத் தெரிய வாணாம் நானா, அண்ணன் எண்டா அதுக்கு உசுரு, அண்ணன்தான் வரமாட்டன் எண்டு சென்னான் எண்டு தெரிஞ்சா அது மனசு ஒடஞ்சி போகும், என்னத் திட்டினாப் பரவாயில்ல எண்டு."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்! காலையிலிருந்து யாரைக் கல் என்று திட்டினாளோ, அந்த மனிதர் மகளுடைய கோபம், பெண்டாட்டியின் ஏச்சு, லயத்தின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கருப்பம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே மகன் மேல் ஆத்திரமும் வந்தது.

சீனிப் பொட்டலத்தையும் பழங்களையும் மடியில் சொருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஏற ஏறக் குழப்பமும் ஏறியது. உண்மையைச் சொன்னால் பாக்கியம் இந்த நிமிஷமே எழுந்து சாப்பிடுவாள். ஆனால் அண்ணன் என்ற ஓர் உறவு அவளுக்கு அதோடு செத்துப்போகும். சொல்லாவிட்டால் வயிறு செத்துப்போகும். அண்ணன் வாங்கிக் கொடுத்த ரிப்பனைக்கூடப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெண்ணிடம் எந்த வாயால் இதைச் சொல்வது?

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

*

காம்பராவிலிருந்து புகை வந்தது. உள்ளே கால் வைக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இராசையா அடுப்படியில் குந்தியிருந்தார். லெட்சுமி ஆளனுப்பிச் சொல்லியிருக்க வேண்டும், வேலை முடியும் முன்பே வந்துவிட்டார். மிச்சமிருந்த அத்தனை பழங்களையும் அறுத்து, ஈரத்துணியை முறுக்குவதுபோல முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். விதையும் சதையும் தோலுமாகச் சட்டிக்குள் விழுந்தன. சீனியைத் தேடிக் கிடைக்காமல், பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கருப்பட்டியை உடைத்துப் போட்டுக் கலக்கினார். தண்ணி பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்தது. வடிகட்ட வேண்டும் என்றுகூட மனிதருக்குத் தோன்றவில்லை.

டம்ளரை எடுத்துக்கொண்டு பாயருகே போய் உட்கார்ந்தார். லெட்சுமி எழுந்து மறைப்புக்கு அந்தப்பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

"இந்தா, ஆத்தா."

பாக்கியம் கண்ணைத் திறந்தாள். டம்ளரைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தாள்.

"அண்ணனக் கூப்பிட்டீங்களாப்பா?"

"கூப்பிட்டேன்."

அது உண்மை. வாசலில் நின்ற கருப்பம்மாவுக்கும் இப்போது அது தெரியும்.

"என்ன சொன்னுச்சு?"

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. துரைமாரோடு பேசும்போது ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தாதவர், சொன்னதை மாற்றாதவர் என்று எதிர்ச்சங்கத்துக்காரனும் ஒப்புக்கொள்கிற இராசையா, மகளின் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"வர்றேன்னு சொன்னான்."

"எப்ப?"

"காலையில. மொத பஸ்ஸு வாறதுக்கு முந்தியே இங்க வந்துருவான்."

"நெசமாவாப்பா?"

"நான் என்னைக்கு ஆத்தா பொய் சொல்லியிருக்கேன்?"

பாக்கியம் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணிப்போயிற்று. விதையொன்றைத் துப்பினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேப்பெண்ண மாதிரி கசக்குதுப்பா."

"கசக்கட்டும், குடி."

அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மறைப்புக்கு அந்தப்பக்கமிருந்து லெட்சுமி வெளியே பாய்ந்தாள். "தலைவர் குடுத்துட்டாரு! தலைவர் கையால குடுத்துட்டாரு! காலையில வீரசிங்கம் வருதாம்!" மழையைப் பொருட்படுத்தாமல் செய்தி காம்பரா காம்பராவாக ஓடியது. இனி விடியும்போது அத்தனை இஸ்தோப்பிலும் ஆள் நிற்கும். வீரசிங்கம் வராவிட்டால், தலைவர் நீட்டிய டம்ளருக்கு ஒரு காசு மதிப்பில்லை என்று ஆகிவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அண்ணனையும் அப்பாவையும் ஒரே காலையில் இழக்கப்போகிற பெண்ணை யார் தாங்கிப் பிடிப்பது?

இராசையா காற்றுக்காக வெளியே வந்தார். வாசலில் நனைந்து நின்ற மனைவியைக் கண்டார். அவள் மடியில் நானா கடைப் பொட்டலத்தையும் அழுது வீங்கிய கண்ணையும் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நானா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"பொய் சொல்லிட்டேன், கருப்பம்மா. புள்ள மொகத்தப் பாத்ததும் வேற ஒண்ணும் வரல." அவர் குரல் பிசிறடித்தது. "விடிஞ்சா என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியல."

கருப்பம்மா சீனிப் பொட்டலத்தையும் பழங்களையும் அவர் கையில் திணித்தாள். அவர் தோளில் கிடந்த கம்பளியை உருவித் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற, இந்த மழையில?"

"சந்திக்கு."

"ஏம் மூஞ்சிக்குக் கதவே தொறக்கல அவன்."

"நான் கதவத் தட்டப் போறதில்ல. அவன் அறை வாசல்ல போயி ஒக்காந்துக்குவேன். என்னையத் தாண்டித்தானே பஸ்ஸுக்குப் போகணும்? இந்த நிமிசத்துலருந்து எனக்குச் சோறும் இல்ல, தண்ணியும் இல்ல. அவனே வந்து குடுத்தாத்தான். குடுத்தான்னா அவன் வீட்டுக்கு வந்தாகணும். இல்லையா, பெத்தவளத் தாண்டிட்டுப் போகட்டும்."

"பச்சத் தண்ணியாவது குடிச்சுட்டுப் போ, புள்ள."

"காலையில நான் பேசினதுக்கெல்லாம் மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." அவள் படியிறங்கினாள். இரண்டடி போனவள் திரும்பினாள். "அதுக்கு இன்னொரு டம்ளர் போட்டுக் குடுங்க. நானா குடுத்த பழந்தான் இருக்கே. வெதய எடுத்துட்டு மெதுவாப் பிழியணும், தெரியுதா?"

கம்பளி போர்த்திய உருவம் குறுக்குப் பாதையில் இறங்கி மழைக்குள் மறைந்தது. இராசையா பொட்டலம் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா எங்கப்பா போவுது?" உள்ளேயிருந்து பாக்கியம் கேட்டாள்.

"ஒங்கண்ணனக் கூட்டியார."

உள்ளே பாய் சரசரத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அதான் வர்றேன்னு சொன்னுச்சேப்பா. அப்பறம் எதுக்குக் கூட்டியாரணும்?"

இராசையா திரும்பி மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இரண்டாவது பொய் வரவில்லை.